தெற்கே பார்த்த அம்பு

உன் பதினாறாம் நாள் காரியத்தன்று எல்லாரும் பந்தியில் உட்கார்ந்து வடையைப் பிட்டுக்கொண்டிருக்க, நான் உன் வீட்டுப் பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, உன் மரம் அறுக்கிற மிஷினை மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அப்பளக் கூடையோடு வந்த என் தங்கச்சி தனம், நான் பெட்ரோல் மூடியில் மூக்கை வைத்திருந்த கோலத்தைப் பார்த்துவிட்டு, அண்ணன் துக்கம் தாங்காமல் மிஷினைக் கட்டிக்கொண்டு அழுகிறான் என்று பந்தியில் போய்ச் சொல்லிவிட்டாள். எனக்குப் பாயசம் இரண்டு டம்ளர் வந்தது. நான் மறுக்கவில்லை.

அழவில்லை மாப்ள. பெட்ரோலும் ஆயிலும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறினால் உன் ஞாபகம் வரும். உன் ஞாபகம் வந்தால் பல்லைக் கடிப்பேன். அன்றைக்கும் அதைத்தான் செய்தேன்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நீ உயிரோடு இருந்தவரைக்கும் உன்னை நான் 'நீ' என்று கூப்பிட்டதில்லை. என்னைவிடச் சின்னவன், ஆனாலும் 'வாங்க மாப்ள, உக்காருங்க மாப்ள'. தங்கச்சி புருஷன் சொல்வது தப்பென்று தெரிந்தாலும் அண்ணன்காரன் தலையாட்ட வேண்டும், எதிர்த்துப் பேசினால் அங்கே பெண்ணுக்குத்தான் இடி விழும் என்பது எங்கள் அம்மா போட்ட சட்டம். எத்தனை வருஷம் ஆட்டினேன் தெரியுமா? இனி நீதான். கேட்டுக்கொள்.

மிஷின் வருவதற்கு முன்னால் நம் இரண்டு பேருக்கும் ஒரே ரம்பம். ஆளுக்கு ஒரு பக்கம் கைப்பிடி. நான் இழுக்கும்போது நீ விட வேண்டும், நீ இழுக்கும்போது நான் விட வேண்டும். நான் விட்டேன். நீ ஒரு நாளும் விட்டதில்லை. பம்மல், அனகாபுத்தூர், பல்லாவரம் என்று நாம் சாய்த்த மரமெல்லாம் என் தோள்பட்டையில்தான் சாய்ந்தது.

பிறகு நீ துறைமுகத்துப் பக்கம் பழைய சாமான் ஏலத்தில் அந்த வெளிநாட்டு மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தாய். எவனோ ஆயில் கலக்காமல் வெறும் பெட்ரோல் ஊற்றி ஓட்டி, உள்ளே பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கிடந்தது. அசையாத அந்தப் பிணத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஸ்டார்ட்டர் கயிற்றை மட்டும் தடவித் தடவிக் காட்டினாய். "பாத்தியா மச்சான், ஒரிஜினல் கயிறு. ஆயுசுக்கும் அறாது" என்றாய்.

ஒரிஜினல் பிஸ்டன் இந்த ஊரில் கிடைக்காது, வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் வீட்டை விற்க வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் பழைய பிஸ்டனைக் கைக்குட்டையில் முடிந்து, பல்லாவரத்தில் ரயிலேறி எழும்பூரில் இறங்கி, புதுப்பேட்டையில் எனக்குத் தெரிந்த பாய் கடைக்குப் போனேன். பாய் அளந்து பார்த்துவிட்டு, லூதியானா சரக்கு என்று பிஸ்டன், ரிங், கேஸ்கெட் எல்லாம் சேர்த்து ஒரு அட்டைப்பெட்டியைத் தள்ளினார்.

"லோக்கல் சாமான் வெளிநாட்டு மிஷினுக்கு ஒத்துக்குமா பாய்?"

"மிஷின் இன்னா பாஸ்போர்ட்டா கேக்கப் போவுது? அளவு கரீக்டா கீது, எடுத்துனு போ. ஒண்ணு மட்டும் கேட்டுக்க. கம்பெனி பிஸ்டன்ல அம்பு போட்டிருப்பான், இதுல போடல. நீயே கீறிக்க. அம்பு சைலன்சர் பக்கம் பாக்கணும். மாத்தி வெச்சின்னா ரிங் வாய் புகை போற ஓட்டைல மாட்டி ஒடையும். அப்பால என்னான்ட வந்து பேஜார் பண்ணாத."

வீட்டுக்கு வந்து சிலிண்டரில் அப்பியிருந்த அலுமினியத்தை ஆசிட் துணியால் கரைத்து, எமரி தாளால் தேய்த்து, கண்ணாடி மாதிரி ஆக்கியது நான். பிஸ்டன் தலையில் கத்தி முனையால் அம்பு கீறியதும் நான். கத்தி வழுக்கி அம்புக்கு மீன்வால் மாதிரி ஒரு வால் விழுந்தது. போகட்டும், அழகாகத்தான் இருந்தது.

ஆயுத பூஜையன்று பூட்டுவதென்று முடிவாயிற்று. தெருவே உன் வாசலில். தேங்காய், பூசணிக்காய், கற்பூரம். வேர்வை சிந்தியவன் நான், ஆனாலும் பிஸ்டனைப் பூட்டும் உரிமை மாப்பிள்ளைக்கு. மிஷினைப் பலகையில் வைத்து பிஸ்டனைக் கையில் எடுத்தவன் அப்படியே நின்றாய்.

"இன்னா மச்சான், அம்பு தெக்கால பாக்குது?"

"சைலன்சர் அந்தப் பக்கம் கீது மாப்ள. அப்படித்தான்…"

"எமன் கீற திசை. நல்ல நாளு அதுவுமா எமன் மூஞ்சிக்கு நேரா அம்பு வுடுவியா?"

பிஸ்டனைத் திருப்பினாய். அம்பு வடக்கே போனது. நான் வாயைத் திறந்தேன். பக்கத்தில் நின்ற அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளி, "மாப்ள சொல்றாருல்ல, மூடு" என்றாள். மூடினேன். அட பாவி, மிஷினையே தூக்கித் திருப்பி வைத்திருந்தால் அம்பும் வடக்கே பார்த்திருக்கும், சைலன்சரும் வடக்கே பார்த்திருக்கும், எமனும் வேறு வேலையைப் பார்க்கப் போயிருப்பான். அது எனக்குத் தோன்றியது. சொல்லத்தான் தொடை இடம் கொடுக்கவில்லை.

கயிற்றை இழுத்தாய். மிஷின் உறுமியது. பக்கத்துத் தோல் பதனிடுகிற ஷாப்பு நாற்றத்தையே அமுக்கிக்கொண்டு புகை கிளம்பியது. ஜனம் கை தட்டியது. வேப்பங்கட்டை ஒன்றில் வைத்தாய். பாதி அறுக்கும்போது உள்ளே 'டக்' என்றது. அவ்வளவுதான்.

ரிங் உடைந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். ஏன் உடைந்தது என்றும் தெரியும். நீ தெருவைப் பார்த்துத் திரும்பினாய். "பார்ட்டும் டூப்ளிகேட்டு, வாங்கினு வந்த ஆளும் டூப்ளிகேட்டு!" என்றாய்.

தெரு சிரித்தது. பெயர் வைத்தாயிற்று. ரேஷன் கடை வரிசையில் டூப்ளிகேட். டீக்கடையில் 'டூப்ளிகேட்டுக்கு ஒரு டீ'. மரம் வெட்ட ஆள் தேடி வருகிறவனிடம், "டூப்ளிகேட் வாணாம் சார், அவரு மாப்ளையக் கூப்புடு" என்பார்கள். என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் தெருமுனையில் வழி கேட்டபோது எவனோ 'டூப்ளிகேட் வூடா?' என்று கை காட்டியிருக்கிறான். பையனின் அம்மா காபியைக் கீழே வைத்துவிட்டு, என் மகள் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து விரலால் உரசிப் பார்த்தாள். அந்த இடம் கூடி வரவில்லை. அன்றைக்கு நீ மூலையில் உட்கார்ந்து மிக்சர் தின்றுகொண்டிருந்தாய். 'பிஸ்டன் நல்லாத்தான் இருந்துது, நான்தான் திருப்பி வெச்சேன்' என்று ஒரு வார்த்தை. மிக்சரை விழுங்கிவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

இதற்குள் உனக்கு சிங்கப்பூரிலிருந்து ஒரிஜினல் பிஸ்டன் வந்துவிட்டதாகச் சொன்னாய். மிஷின் ஓட ஆரம்பித்தது. பொத்தேரி, காட்டாங்குளத்தூர் பக்கமெல்லாம் வீடு கட்ட மனை மனையாகச் சுத்தம் செய்த காலம். நீ டெம்போவின் பின்னால் மிஷினோடு நின்றுகொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் போவாய். நான் கோடாலியைக் கோணியில் சுற்றிக்கொண்டு தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். போகிறபோது கையாட்டுவாய். நானும் ஆட்டுவேன், மரியாதைக்காக.

காரியம் முடிந்த மறுவாரம், "நீயே எடுத்துனு போண்ணே, பாத்தாலே அழுவாச்சியா வருது" என்று தனம் மிஷினைக் கொடுத்தாள். சிங்கப்பூர் எப்படி இருக்கிறதென்று பார்க்க அங்கேயே கழற்றினேன். பிஸ்டன் தலையில் கரி கெட்டியாக ஏறியிருந்தது. தனத்திடம் ஒரு ஹேர்பின் வாங்கிச் சுரண்டினேன். முதலில் ஒரு மீன்வால் தெரிந்தது.

என் அம்பு மாப்ள. என் கத்தி வழுக்கிய அதே அம்பு. ஓரத்தில் ரிங் கடித்த இடத்தை அரம் போட்டு வழவழவென்று தேய்த்திருந்தாய். அம்பு கச்சிதமாக சைலன்சரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பாயிடம் போனேன். "உங்க மாப்ளையா? ரிங் தேயத் தேய வந்து வாங்கினு போவாரே. 'மச்சானுக்குத் தெரிய வாணாம் பாய்'னுவாரு. போய்ட்டாரா? ச்ச. நல்ல கஸ்டமரு" என்றார்.

ஆக, உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்து, அம்பைச் சரியான பக்கம் திருப்பி வைத்து, மூடி, சிங்கப்பூர் என்று சொல்லி, என் பிஸ்டனில் சோறு தின்றிருக்கிறாய். ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. அரம் கையில்தானே இருந்தது? ஒரு இழுப்பு இழுத்திருந்தால் அம்பு அழிந்திருக்கும், ஒருவனுக்கும் தெரிந்திருக்காது. திறக்கும்போதெல்லாம் அதைப் பார்த்திருக்கிறாய், அழிக்கவில்லை. சோம்பேறித்தனம் என்றுதான் முடிவு செய்திருக்கிறேன். வேறு ஏதாவது காரணம் இருக்குமோ என்று யோசித்தால் நெஞ்சை என்னவோ செய்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

நேற்று உன் வாசலில் அதே பலகையைப் போட்டு, அதே இடத்தில் மிஷினை வைத்தேன். பெயர் வைத்த தெருவைக் கூப்பிட்டேன். டீக்கடைக்காரர், அயர்ன்காரர் எல்லாரும் வந்தார்கள். பிஸ்டனை ஒவ்வொருத்தர் கண்ணுக்கும் முன்னால் நீட்டி, பாய் சொன்னதைச் சொல்லி, நீ செய்ததைச் சொன்னேன். அம்மா இப்போது இல்லை, கிள்ள ஆளில்லை.

"அப்ப இத்தினி வருசமா ஓடினது டூப்ளிகேட்டா?" என்றார் டீக்கடைக்காரர்.

"லூதியானா" என்றேன்.

தனம் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். "ஓட்டித்தான் காட்டேன்" என்றாள்.

பூட்டினேன். அம்பு தெற்கே. நீயும் இப்போது அந்தப் பக்கம்தானே இருக்கிறாய், நன்றாகப் பார்த்துக்கொள். இனிமேல் இந்தப் பெயர் என்னோடு இருந்தாலும் எனக்குக் கவலையில்லை. எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு போவேன், அதில் பாதி உன்னுடையது. பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றி, மிஷினைக் காலால் அழுத்தி, கயிற்றைப் பிடித்து முழு பலத்தோடு இழுத்தேன்.

கயிறு அறுந்தது. நான் பின்னால் இருந்த ஆட்டுக் கழுநீர்த் தொட்டியில் உட்கார்ந்தேன். தொட்டி நிறைய இருந்தது. ஆயுசுக்கும் அறாது என்று நீ தடவித் தடவிக் காட்டிய அதே ஒரிஜினல் கயிறு.