ஏழு வரிசைச் சீட்டும் அம்சவேணி அக்காவின் கண்ணும்

அன்பு மருமகள் ஷண்முகப்ரியாவுக்கு,

குந்தா மலைப் பிராந்தியம் முழுமைக்கும் ஒற்றையாள் சீட்டாட்டச் சக்கரவர்த்தியும், உன் அம்மாவுக்குக் கூடப் பிறந்த ஒரே தலைவலியுமாகிய உன் மாமன் வெள்ளியங்கிரி மஞ்சூரிலிருந்து எழுதுவது. இங்கே நான், அக்கா, ஒழுகுகிற கூரை மூவரும் சுகம். அங்கே ஹாம்பர்க்கில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு வெளியே போய்ச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே பதினேழு நாளாக விடாத மழை, தேயிலைச் செடிகளே குடை கேட்கின்றன. நேற்று ஒரு மேகம் நம் சமையலறைக்குள் வந்து காபி குடிக்காமல் போகமாட்டேன் என்று நின்றது. இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் போனை எடுத்தாலே உன் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்வாள். அதனால் கையால் எழுதி, பக்கங்களைப் படம் பிடித்து உனக்கு மட்டும் அனுப்புகிறேன். விஷயம் அவள் கண்ணைப் பற்றியது.

அதற்கு முன் உனக்கு ஆட்டம் தெரிய வேண்டும். நான் வேலை பார்த்த தேயிலை ஃபாக்டரி ஆபீஸுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்த வருஷம் அதில் நான் கற்ற ஒரே வித்தை இதுதான். ஒரு கட்டுச் சீட்டை எடுத்து ஜோக்கர்களை வெளியே அனுப்பு. இடமிருந்து வலமாக ஏழு வரிசை வை, முதலாவதில் ஒரு சீட்டு, இரண்டாவதில் இரண்டு, இப்படியே ஏழாவதில் ஏழு. ஒவ்வொரு வரிசையிலும் கடைசிச் சீட்டுதான் முகம் காட்டும், மற்றவை குப்புறப் படுத்திருக்கும். மீதி இருபத்துநாலு கையில் இருக்கும், அவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொள். வரிசையில் ஒரு சீட்டின்மேல் அதைவிட ஒன்று குறைந்தது உட்காரலாம், ஆனால் நிறம் மாற வேண்டும். கறுப்பு எட்டின்மேல் சிவப்பு ஏழு, அதன்மேல் கறுப்பு ஆறு. குப்புறக் கிடந்தது வெளியே வந்தால் திருப்பிவிடு. காலியான வரிசையில் ராஜாவைத் தவிர யாருக்கும் இடமில்லை. ஏஸ் வந்தால் மேலே தனியாக வைத்து, அதன்மேல் அதே சின்னத்தில் இரண்டு, மூன்று என்று ஏற்ற வேண்டும். ஸ்பேடு தனி, கிளாவர் தனி, ஆர்ட்டின் தனி, டைமன் தனி. நாலு ராஜாவும் மேலே ஏறினால் ஜெயம், வழி அடைத்தால் தோல்வி. திட்டுவதற்கு எதிராளி கிடையாது என்பது ஒன்றுதான் இதில் குறை.

மழைக்கு இதை உன் அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தேன். கண்ணில் புரை முற்றிவிட்டது, கோயம்புத்தூரில் ஆபரேஷன் செய்யலாம் என்று நீ ஆறு மாதமாகக் கெஞ்சுகிறாய், நான் அறுநூறு வருஷமாகக் கத்துகிறேன், அவள் அசையவில்லை. ஆத்தாளிடம் பூ கேட்டு, வெள்ளை வந்தால் போகிறேன், சிவப்பு வந்தால் இல்லை என்றாள். சரி, கோயிலுக்குக் கிளம்பு என்றால் படி வழுக்கும் என்றாள். படி தெரியவில்லை என்பதுதான் நிஜம். அப்புறம் அவளே, "டேய் வெள்ளிங்கிரி, இந்தச் சீட்டு வெள்ளிக்கிழமை எனக்கு முடிஞ்சுதுன்னா ஆத்தா சொன்னதா வெச்சுக்கறேன், முடியலைன்னா இனி ஒருத்தரும் கண்ணப் பத்தி வாயத் தொறக்கப்படாது" என்று விளக்கு முன்னால் சொல்லிவிட்டாள். ஒரே ஆட்டம்தான், இரண்டாம் தடவை கேட்கக் கூடாது.

ஆத்தாளை இவ்வளவு பெரிய வேலையில் தனியாக விடுவது மரியாதையா சொல். அவள் தன் தையல் கடைக்குப் போயிருந்த மூன்று மத்தியானம் ஐம்பத்திரண்டு சீட்டையும் முகம் தெரியப் பரப்பி, எந்த ஒழுங்கில் அடுக்கினால் கட்டாயம் முடியும் என்று கண்டுபிடித்தேன். சந்திரனுக்கு ராக்கெட் விட்டவர்கள்கூட இவ்வளவு கணக்குப் போட்டிருக்கமாட்டார்கள். வெள்ளிக்கிழமை அந்தக் கட்டை அவள்முன் பவ்யமாக அடுக்கி வைத்தேன். அருமையாகப் போய்க்கொண்டிருந்தது. மேலே ஏறியிருந்த ஸ்பேடு மூன்றின்மேல் உன் அம்மா கிளாவர் நாலைத் தூக்கி வைத்தாள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடைத்துக்கொண்டது. கையைத் துடைத்துக்கொண்டு, "முடியலை. ஆத்தா வேண்டாங்கறா" என்று எழுந்தாள்.

அக்கா, அந்த நாலை ஒருதரம் பாரு என்றேன். "பாத்துட்டுத்தான் வெச்சேன், ஸ்பேடு" என்றாள். எடுத்து முந்தானையால் துடைத்தாள். ஜன்னலுக்குக் கொண்டுபோய்க் கண்ணுக்கு ஒட்ட வைத்துப் பார்த்தாள். அப்புறம் மெதுவாக, "அப்ப விஜயா டீச்சர் கறுப்பு ஜாக்கெட்டு?" என்றாள். அதை ஊதா நூலில் தைத்திருக்கிறாய், அவர் ஒன்றும் சொல்லாமல் அதையே போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார் என்றேன். நான் யாரையும் சும்மா விடாதவன் என்று உனக்குத் தெரியும், ஆனால் அன்றைக்கு அவளைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை. தப்பாக வைத்த சீட்டு கணக்கில்லை, எடுத்துச் சரியாக வைத்துத் தொடரலாம் என்று மட்டும் சொன்னேன். அப்படிச் சட்டம் எங்கேயும் கிடையாது, சக்கரவர்த்தி நான் அங்கேயே பிறப்பித்தேன்.

உட்கார்ந்தாள். ஒவ்வொரு சீட்டையும் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டு வைத்தாள். நாலு ராஜாவும் ஏறினார்கள். நான் ஆத்தாளுக்குப் பெரிதாக ஒரு கும்பிடு போட்டேன். அதற்கு உன் அம்மா, "நடிக்காதடா. நீ கட்டு கலைச்சா பாதிச் சீட்டு கட்டிலுக்கு அடியில கெடக்கும், இன்னிக்கு ஒண்ணுகூட உளுகலை. அடுக்குன கட்டுன்னு தெரிஞ்சுதான் உக்காந்தேன்" என்றாள். தெரிந்தும் ஏன் உட்கார்ந்தாய் என்றேன். "எனக்கும் போகோணும்னுதான் இருக்குது. பயமா இருக்குது, அவ்வளவுதான். வெட்டப்போயி இருக்கற வெளிச்சமும் போயிருச்சுன்னா, புள்ள ஊட்டுக்கு வர்றப்ப மூஞ்சி தெரியாதல்ல" என்றாள்.

புரை நீக்குவது இப்போது அரைமணி நேர வேலை என்று டாக்டரே போனில் அவளிடம் பேசினார். வருகிற வியாழன் இடது கண்ணுக்கு நாள் குறித்தாயிற்று. உனக்குச் சொல்லக் கூடாது, லீவு போட்டுக்கொண்டு ஓடி வருவாய், ஆபரேஷன் முடிந்த பிறகு சொல்லலாம் என்று எனக்குக் கட்டளை. ஓடி வராதே, நான் கூடவே இருப்பேன், பக்கத்து வீட்டு மகாலட்சுமியும் வருகிறாள். உன் லீவைத் தீபாவளிக்கு வைத்துக்கொள்.

வேளைக்குத் தூங்கு, குளிருக்குச் சோம்பல்பட்டு வெறும் ரொட்டியைத் தின்னாதே. ஆத்தா உனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டாள், வைத்தால் நான் நேரில் போய்ப் பேசிக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஆபரேஷனுக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கண்கட்டை அவிழ்ப்பார்கள், உனக்கு அப்போது ஆறரை. கண் திறந்ததும் என் மூஞ்சியில் முழிக்கமாட்டாளாம், உன்னை வீடியோவில் கூப்பிட்டு வைத்த பிறகுதான் கட்டைத் தொட விடுவாளாம். தலை வாரிக்கொண்டு, விளக்கைப் போட்டு, வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி உட்கார்ந்திரு அம்மிணி.

ஆசிகளுடன்,
உன் மாமன்,
மஞ்சூர் வெள்ளியங்கிரி