பெரியவர்களுக்கும் ஓர் ஊஞ்சல்

என் புடவையில் இன்னும் பெயின்ட் வாசனை வீசுகிறது. நேற்று நம் பழவேற்காட்டுப் பூங்காவைத் திறந்தார்கள். பச்சை பெயின்ட் காய்வதற்குள் ஊஞ்சலில் உட்கார்ந்துவிட்டேன். கறையைப் பார்த்து என் மகள் திட்டத் திட்ட, எனக்கு உன் நினைவு வந்து சிரிப்புத்தான் பொங்கியது. நீ இருந்திருந்தால் எனக்கு முன்னால் ஓடிப்போய் உட்கார்ந்திருப்பாய்.

வார்டு மெம்பர் ஆனதும் நீ கேட்ட முதல் காரியம் இந்தப் பூங்காதான். மீன் விற்று முடித்த பெண்கள் சாயங்காலம் கால் நீட்டி உட்கார ஊரில் இடமில்லை. பிள்ளைகள் பஸ் வரும் சாலையிலேயே பந்து விளையாடினார்கள்.

"ஆம்பளைங்களுக்கு டீக்கடை கீது. நமக்கு இன்னா கீது?" என்று ஊராட்சிக் கூட்டத்தில் கேட்டாய். நண்டு விற்றுப் பழகிய உன் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை. தையல் கடையைப் பூட்டிவிட்டு வந்த நான், உன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்க அப்போதெல்லாம் எனக்குப் பயம்.

ஏரிக்குப் போகும் வழியில் முள் மண்டிக் கிடந்த மனைதான் எல்லோர் கண்ணிலும் பட்டது. அதன் பட்டா, மரக்கடை பாயின் மாமனார் பெயரில் இருந்தது. அவர் காலமாகிவிட்டதால், மருமகனைக் கேட்டால் போதும் என்று தலைவரும் அதிகாரிகளும் மாறி மாறிக் கடைக்குப் போனார்கள். பாய் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, "பாக்கலாம்" என்று அனுப்பிவைத்தார். இப்படியே வருஷம் ஓடியது.

ஒருநாள் நீ என்னை இழுத்துக்கொண்டு கடைக்குப் போகாமல் அவர் வீட்டுக்குப் போனாய். அவர் மனைவி பாயம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நீயும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாய்.

"அந்த மனைய ஊருக்குக் குடுக்கக் கூடாதாம்மா? பாய் பிடியே குடுக்க மாட்றாரே."

"அவரு எப்படிக் குடுப்பாரு? அது எங்க வாப்பா எனக்குன்னு வுட்ட எடம். இத்தினி பேரு வந்தீங்களே, என்னை யாரு கேட்டீங்க?"

மனை தன்னுடையது இல்லை என்று சொல்ல பாய்க்குக் கூச்சமாம். பாயம்மா நறுக்கிய வெங்காயத்தைத் தட்டில் தள்ளிவிட்டு, "உரிய வெலைக்குத் தரேன். ஆனா பெரிய பொம்பளைங்க ஆடுற மாரி ஒரு ஊஞ்சல் போடணும். நிக்காவுக்கு அப்பால நான் ஊஞ்சலே ஆடல" என்றார். வெங்காயக் கண்ணீரோடு நீ சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும்.

பூங்கா வேலையைப் பார்க்க வந்த பொறியாளர்தான் முரண்டு பிடித்தார். "பூங்கான்னா குழந்தைங்க ஊஞ்சல்தாம்மா. பெரியவங்க உட்காந்தா தாங்காது."

"தாங்குற மாரி செய்ங்க சார்" என்றாய் நீ.

பொன்னேரிப் பட்டறையில் ஊஞ்சல் தயாரானதும், அவர் கண்ணெதிரே ஏறி உட்கார்ந்து என்னையும் பக்கத்தில் இழுத்துப் போட்டாய். போதாதென்று பட்டறைக்காரரின் மனைவியையும் கூப்பிட்டாய். மூன்று பேரும் ஆடினோம். நான்தான் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டேன், இரும்பு வளையவில்லை. பொறியாளரும் சிரித்துவிட்டார்.

ஊஞ்சல் ஊருக்கு வந்து சேர்வதற்குள் நீ போய்விட்டாய். காலையில் நெஞ்சுவலி என்றாய்; மருத்துவமனை போய்ச் சேரும்வரை கூட உயிர் தங்கவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது பாயம்மா வாசலில் நின்று அழுதார்.

நேற்று திறப்பு விழா முடிந்ததும், ஒப்பந்தக்காரரின் ஆள் ஒருவர் அந்தப் பெரிய ஊஞ்சலில் 'சிறுவர்களுக்கு மட்டும்' என்று பலகை மாட்டினார். பாயம்மா குடையைப் பிடித்தபடி பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"யோவ், அத்த கழட்டு! எடம் குடுத்தவங்களே நிக்கிறாங்க, கண்ணு தெரியல?"

யார் கத்தியது என்று திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பலகை இறங்கியது. பாயம்மா ஏறி உட்கார்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினார். நாங்கள் ஆடிய ஆட்டத்தில் பிள்ளைகள் வரிசையில் நின்று, "போதும் ஆயா, எறங்குங்க" என்று கெஞ்சினார்கள்.

ஏரிக்கு அக்கரையில் இருக்கும் பசியாவரத்துப் பெண்கள் படகுத்துறைக்கு விளக்கு கேட்கப் போகிறார்களாம். வந்து பேசச் சொல்லி இன்று கடைக்கு ஆள் அனுப்பினார்கள். யோசிக்காமல் சரி என்றேன். நீ போன பிறகு எனக்கு உன்னிடமிருந்து வந்து சேர்ந்தது இந்தத் துணிச்சல்தான். நாளைக் காலைப் படகில் அதையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.