சப்பரத்தன்று அணைந்த பல்பு

மீன் அனுப்புகிற தெர்மாகோல் பெட்டிக்குள் பல்பு எரிந்து சூடேறினால் ஒரு வாடை வரும். எத்தனை முறை கழுவினாலும் போகாது. இன்று காலை ஐந்தாம் வகுப்பில் மூடியைத் திறந்ததும் அந்த வாடை அடித்தது. அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். உன் மேல் கோபம்தான் வந்தது.

நாம் இந்தப் பள்ளியில் ஒன்றாக வேலை பார்த்த அந்த வருஷம், குஞ்சு பொரிப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட, பன்னிரண்டு கோழிமுட்டைகளை உமியில் பொதிந்து, உன் ஊரான விளாத்திகுளத்திலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாய். பிள்ளைகள் ஒவ்வொன்றிலும் பென்சிலால் தங்கள் பெயரை எழுதினார்கள். பெட்டியில் வைக்க நாள் குறித்தவள் நான். இருபத்தொரு நாளை விரல்விட்டு எண்ணினேனே தவிர, பத்தொன்பதாம் நாள் கோயில் திருநாள் என்பது உறைக்கவில்லை. சப்பரம் சுற்றும் நாளில் கம்பியில் உரசாமலிருக்க ஊர் முழுக்கக் கரண்டை நிறுத்துவார்கள். இந்த ஊரில் பிறந்த எனக்கு அது தெரியாதா? புதுச்சேலை கட்டிக்கொண்டு சப்பரத்தின் பின்னால் போனேன். பூட்டிக் கிடந்த வகுப்பில் காலையில் அணைந்த பல்பு இருட்டிய பிறகுதான் எரிந்தது.

ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. உடைத்துப் பார்த்தால், அலகும் இறகுமாக முழுசாய் வளர்ந்த குஞ்சுகள். பிள்ளைகள் அழுத அழுகையில் தாய்மார் வந்துவிட்டார்கள். "கரிசக்காட்டுக்காரிக்கு நம்ம திருநா என்னத்த தெரியும்" என்றாள் செல்வியின் அம்மா. "ஆமா, நாந்தான் கவனிக்கல" என்றாய் நீ. நான் வாயைத் திறக்கவில்லை.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று பிறகு கேட்டேன். "நீ இங்கனயே இருக்கணும்லா ஏளா. நான் மாறுதல் வந்தா போயிருவேன்" என்றாய், எங்கள் ஊர்ப் பேச்சிலேயே. மாறுதல் வந்தது. இங்கிருந்து போன மூன்றாம் மாதமே காய்ச்சலில் ஒரேயடியாகப் போய்விட்டாய். உன்னை யார் கேட்டது? என் தப்பை எடுத்துக்கொண்டு போக உனக்கு என்ன உரிமை?

இந்த முறை திருநாள் முடிந்த பிறகே முட்டை வைத்தேன். ஒன்பது பொரித்திருக்கின்றன. இளைய மகனோடு பார்க்க வந்த செல்வியின் அம்மா, டீச்சர் இந்தத் தடவை நாள் பார்த்து வைத்திருக்கிறார்கள் என்று மெச்சினாள். எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்: அன்று நாள் குறித்தது நான், உன் மேல் ஒரு தப்பும் இல்லை.

அவள் கையிலிருந்த குஞ்சை மெதுவாகப் பெட்டிக்குள் விட்டாள்.

"அந்த டீச்சர் இருக்கும்போதே சொல்லியிருக்கலாம்லா?"

இத்தனை வருஷமும் உன் மேல் கோபப்படுவது எனக்கு வசதியாக இருந்திருக்கிறது. அந்தக் கோபம் இப்போதும் குறையவில்லை. இனி அதை உன் மேல் போட முடியாது.