எனாமல் அடித்த பலகைகள்

ஏங்க,

சாம்பார் அடுப்பில் இருக்கிறது.

நான் வரைய வைத்திருந்த வெறும் மரப் பலகைகளைப் பார்த்து, "என்ன சார், தச்சுப் பட்டறை மாதிரி இருக்கு" என்றாராம் உங்கள் கலைமன்றத் தலைவர். உடனே நான் இல்லாத நேரம் பார்த்து எல்லாவற்றுக்கும் வெள்ளை எனாமல் பெயிண்ட் அடித்துவிட்டீர்கள். நான் வரைவது உருக்கிய வண்ண மெழுகில். அது மரத்துக்குள் ஊறினால்தான் பிடிக்கும். காலையில் பூசிப் பார்த்தேன், அப்பளமாக உரிந்து வந்தது.

புது ப்ளைவுட் வாங்கப் போகிறேன். வெறும் மரத்திலேயே வரைந்து, சாயங்காலம் ஸ்ரீரங்கம் கண்காட்சியில் மாட்டத்தான் போகிறேன். அவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மதியம் தலைவர் வந்தால், காபியை உங்கள் எனாமல் பலகையில் வைத்தே நீட்டுங்கள். சிந்தினாலும் துடைத்துவிடலாம், அதில் எதுவும் ஒட்டாது.

சித்ரா

பி.கு.: உங்கள் விரலில் இன்னும் பெயிண்ட் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சாப்பிடுங்கள். படம் மாட்ட ஆள் வேண்டும், சுத்தியலோடு வாங்க. பிரஷ் வேண்டாம்.