எழுதாமல் விட்ட பலூன்

மே 3, செவ்வாய்

நாளை முதல் நான் வேலைக்குப் போகிறேன். சம்பளம்: மதியச் சாப்பாடு. காரணம்: விடுமுறை முழுக்க நான் வீட்டில் இருந்தால் வீடு தாங்காதாம். அம்மா தன் தங்கையின் தலையில் என்னைக் கட்டிவிட்டாள்.

சித்தி செய்தித்தாள் அலுவலகத்தில் பக்கம் வடிவமைக்கிறாள். கடைசிப் பக்கத்தின் அடியில் ‘துறுதுறு’ என்று ஒரு படக்கதை வரும். தினமும் மூன்று கட்டம், பதினாறு வயசுப் பெண் ஒருத்தியின் கதை. ஐம்பது வருஷத்துக்கு முன் வந்ததைத்தான் இப்போது முதலிலிருந்து மறுபடி போடுகிறார்கள். படம் நன்றாக இருக்கிறது, ஆனால் பேசுகிற பலூன்களில் எழுத்து அங்கங்கே உதிர்ந்திருக்கிறது; படிக்கலாம், அச்சுக்கு ஆகாது. அதனால் பழைய பக்கத்தை நகலெடுத்து, பலூனுக்கு வெள்ளை மை பூசி, காய்ந்ததும் அதே வசனத்தைக் கையால் எழுத வேண்டும். கம்ப்யூட்டர் எழுத்தைப் போட்டுப் பார்த்தார்களாம். துறுதுறு வக்கீல் நோட்டீஸ் விடுவது போல இருந்ததாம்.

என் கையெழுத்து அழகு. எட்டாம் வகுப்பிலிருந்து மதிப்பெண் அட்டையில் அப்பாவின் கையெழுத்தைப் போட்டுப் போட்டுப் பழகியது. சித்திக்கு இந்த வரலாறு தெரியாது.

அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்தே சொன்னார்: “அங்க போயும் வாலை ஆட்டாத. ஆறரைக்குள்ள வரலன்னா கதவைப் பூட்டிருவேன்.” ஆறாம் வகுப்பிலிருந்து இதையே சொல்கிறார். பூட்டுக்குத்தான் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

மே 4, புதன்

முதல் நாள். அந்தத் துறுதுறுவைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. குடை மாதிரி ஒரு கவுன், உச்சந்தலையில் ஒரு குதிரைவால். பரவாயில்லை, அவளுக்குக் குதிரைவால், எனக்கு வெறும் வால்.

அவளுடைய அப்பா ஒரு நாற்காலி, இரண்டு கால், ஒரு செய்தித்தாள். அவ்வளவுதான் படம். கதை தொடங்கி ஒன்றரை வருஷமாகிறது, முகத்தை ஒரு தடவைகூடக் காட்டவில்லை என்றாள் சித்தி. என் அப்பாவும் அப்படித்தான். லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் ஊரையே மேலும் கீழும் அனுப்பிவிட்டு வருகிறவர், வீட்டில் நாற்காலியை விட்டு அசைய மாட்டார்.

இன்று எழுதியது: துறுதுறு போன் வயரை இழுத்துக்கொண்டு போய் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறாள். பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பா: “ஒரு மணி நேரமா பேசுறியே, இது என்ன உங்க அப்பன் வீட்டு போனா?” துறுதுறு: “ஆமாப்பா.”

மே 6, வெள்ளி

மேற்படி வசனத்தை வீட்டில் பிரயோகித்தேன். போன் பறிமுதல்.

மே 9, திங்கள்

மொத்தம் நான்கு தடித் தொகுப்புகள். நாங்கள் முதலாவதின் முடிவில் இருக்கிறோம். முன்கூட்டியே புரட்டிப் படிப்பதில்லை என்று விரதம். பேப்பர் வாங்குகிறவர்களுக்கு என்ன தெரியுமோ அதுதான் எனக்கும் தெரிய வேண்டும்.

ஏன் எனக்கு இவளைப் பிடித்துப்போனது? எங்களுக்குள் ஒன்றும் பொருந்தவில்லையே. அவள் போனுக்கு வயர் இருக்கிறது, கவுன் இருக்கிறது, தோழிக்குக் கடிதம் எழுதுகிறாள். ஆனால் கண்ணாடி முன் அரை மணி நேரம் நின்றுவிட்டு “சும்மாதான் நின்னேன்” என்கிறாள். கதவை அடித்துச் சாத்திவிட்டு, யாராவது வந்து தட்டுகிறார்களா என்று காதை வைத்துக் கேட்கிறாள். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ என் வீட்டை ஒட்டுக்கேட்டிருக்கிறார்கள்!

ஒன்று மட்டும் பொறாமை. அவளுக்கு வயசே ஏறவில்லை. எந்தப் பரீட்சை முடிவும் அவளைத் துரத்தி வரப்போவதில்லை.

பி.கு.: அலுவலக அறிவிப்புப் பலகையில் இன்று ஒரு தாள் இருந்தது. ‘காணவில்லை: துறுதுறுவின் அப்பாவுடைய முகம். கண்டால் கடைசிப் பக்கத்தில் ஒப்படைக்கவும்.’ பத்திரிகை ஆசிரியை வந்து “யார் ஒட்டினது?” என்றார். அவருக்கு முதுகுக்குப் பின்னால் ‘கத்திரி’ என்று பெயர், எதைக் கொடுத்தாலும் பாதியாக வெட்டுவார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என்ன ஒற்றுமை!

மே 12, வியாழன்

மனசே சரியில்லை.

இந்த மாதக் கடைசியோடு துறுதுறுவை நிறுத்துகிறார்களாம். அந்த இடத்தில் எண் புதிர். கத்திரி மேடம் சித்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “யாரும்மா இதையெல்லாம் படிக்கிறாங்க? ஒரு லெட்டர் வருதா? ஒரு போன் வருதா?” ஒன்றும்தான் வரவில்லையே.

தொகுப்புகள் கிடங்குக்குத் திரும்பிப் போய்விடும். அந்தக் கிடங்குச் சாவி எங்கே என்று யாருக்கும் தெரியாதாம். கதையோ நல்ல இடத்தில் நிற்கிறது. துறுதுறு குதிரைவாலை வெட்டிக்கொள்ளப் போகிறேன் என்கிறாள். அம்மா அழுகிறாள், அண்ணன் கேலி பண்ணுகிறான், அப்பா மட்டும் ஒன்றும் சொல்லாமல் பேப்பரைத் திருப்புகிறார். இதற்கப்புறம் இன்னும் மூன்று தொகுப்பு இருக்கே, அதெல்லாம் யார் படிக்கிறது? எலியா?

“சித்தி, நான் பத்து விதக் கையெழுத்துல நூறு லெட்டர் எழுதிருவேன். மூணே நாள்.”

“செஞ்ச, விரலை ஒடிச்சிருவேன். பொய்யா லெட்டர் வந்து அது பிழைக்க வேணாம். கௌரவமா போகட்டும்.”

மே 17, செவ்வாய்

கண்டுபிடித்தாகிவிட்டது! காணாமல் போன முகம் கிடைத்துவிட்டது!

நாளைக்கு வரப்போகிற கதை. முதல் கட்டத்தில் முடிவெட்டும் கடையிலிருந்து துறுதுறு வெளியே வருகிறாள், குதிரைவால் இல்லை. இரண்டாவதில் வீட்டு வாசலில் உள்ளே வரப் பயந்து நிற்கிறாள். மூன்றாவதில் அப்பா பேப்பரை இறக்கிவிட்டார். முகம்! பெரிய மூக்கு, சோடாபுட்டிக் கண்ணாடி, கண்ணில் ஒரு திகைப்பு. அவர் ஏதோ சொல்கிறார்.

மூன்று பலூனுக்கும் வெள்ளை பூசினேன். முதல் இரண்டும் காய்ந்தன, எழுதினேன். மூன்றாவது பெரிய பலூன், காயப் பத்து நிமிஷமாவது ஆகும். அதற்குள் மூலப் பக்கத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, அலுவலகம் பூராவும் அந்த முகத்தைக் காட்டிவிட்டு வந்தேன். வரவேற்பறை அக்கா “அட, எங்க மாமனார் மாதிரியே இருக்காரு” என்றாள். பலகையில் ஒட்டியிருந்த ‘காணவில்லை’யை நானே கிழித்துப் போட்டேன். திரும்பி வந்தபோது சித்தி பக்கத்தை முடித்து அனுப்பியிருந்தாள். நல்ல நாள்.

மே 18, புதன்

ஐயோ. ஐயோ. ஐயோ.

எழுதவே இல்லை. மூன்றாவது பலூனில் நான் எழுதவே இல்லை! காயட்டும் என்று விட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். நான் முடித்துவிட்டேன் என்று நினைத்துச் சித்தி எடுத்துக்கொண்டாள். காலையில் பேப்பரைப் பார்த்தால், துறுதுறுவின் அப்பா முதன்முதலாக முகத்தைக் காட்டி வாயைத் திறக்கிறார், உள்ளே ஒன்றுமே இல்லை. தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாமா? சுவர் பாவம்.

(மாலை)

பத்து மணிக்கெல்லாம் வரவேற்பறை அக்கா கத்தினாள்: “ஏ வாலு! என்னடி பண்ணித் தொலைச்ச? போனைக் கீழ வைக்க விட மாட்டேங்குறாங்க!”

நாற்பத்திரண்டு அழைப்பு. பாதிப் பேர், “இது போட்டியா? வசனத்தை எங்க அனுப்பணும்?” என்று கேட்டார்கள். மீதிப் பேர் போட்டியா இல்லையா என்றுகூடக் கேட்கவில்லை, வசனத்தைச் சொல்லிவிட்டே வைத்தார்கள். ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர், “அதுல வார்த்தை இருக்குமே, எங்க போச்சு?” என்று கேட்டு, மனப்பாடமாகச் சொன்னாராம்: “பேப்பர்லகூட இன்னிக்கு இவ்வளவு நல்ல சேதி இல்லை.” அந்தக் கதை வந்த மறுநாள் அவரும் போய் முடியை வெட்டிக்கொண்டாராம். ஓடிப்போய் மூலத் தொகுப்பைத் திறந்து பார்த்தேன். ஒரு எழுத்துப் பிசகவில்லை.

ஆனால் கத்திரி மேடம் சித்தியைக் கூப்பிட்டுவிட்டார். கதவுக்கு வெளியிலிருந்தே கேட்டது. “நான்தான் பார்க்காம அனுப்பிட்டேன் மேடம்” என்கிறாள் சித்தி. எனக்குப் பொறுக்கவில்லை, உள்ளே போய்விட்டேன்.

“மேடம், நான்தான்.”

“தெரியும். உன் விளையாட்டு.”

“விளையாட்டு இல்ல மேடம். நிஜமா மறந்துட்டேன்.”

“நீயாவது, மறக்கிறதாவது!”

வாழ்க்கையில் முதல் தடவை குறும்பே பண்ணாமல் மாட்டியிருக்கிறேன், நம்ப ஆள் இல்லை. படக்கதைக்குத்தான் கட்டம் கட்டுவார்கள் என்று நினைத்தேன். எனக்கே கட்டிவிடுவார்கள் போல.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா, “நான் அப்பவே சொன்னேன்” என்று சொல்லிவிட்டு இன்றைய பேப்பரைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மே 20, வெள்ளி

தபால் பை கிழிகிற அளவுக்குக் கடிதம். சிலர் கட்டத்தை வெட்டி, பலூனுக்குள்ளேயே எழுதி அனுப்பியிருக்கிறார்கள். பல பேர் எழுதி, போனில் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். ஒரு பையன்: “கடைக்காரன் மிச்ச முடியை என்ன பண்ணினான்?” ஒரு அம்மா: “எனக்கும் அந்தக் கடை விலாசம் சொல்லு.”

கத்திரி மேடம் கூப்பிட்டார். குரல் இளகியிருந்தது. “வாசகர்களுக்காக வேணும்னே காலியா விட்டோம்னு போட்டுரலாம். உன் யோசனைன்னு உன் பேரும் வரும். என்ன?”

பேர் வரும்! கடைசிப் பக்கத்தில்! ஒரு நிமிஷம் நாக்கில் ‘சரி மேடம்’ வந்து உட்கார்ந்துவிட்டது. சித்தி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கௌரவமா போகட்டும் என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது.

“வேணாம் மேடம். மறந்துதான் போச்சு. அப்படியே போடுங்க.”

“நிஜமாவே மறந்துட்டியா?” என்றார். அப்பாடா.

மே 21, சனி

வெளிவந்தது: ‘புதன்கிழமைத் துறுதுறுவில் வசனம் விடுபட்டது எங்கள் மறதி. வருந்துகிறோம்.’ கீழே சரியான வசனம், என் கையெழுத்தில். இப்போது வேறு மாதிரிக் கடிதம் வருகிறது: ‘அதைவிட என் வசனம்தான் நன்றாக இருந்தது.’

மே 25, புதன்

துறுதுறு நிற்கவில்லை!!! எண் புதிர் ஐந்தாம் பக்கத்துக்குப் போகிறது. “லெட்டர் வருதான்னு கேட்டீங்களே மேடம்” என்று ஆரம்பித்தேன். சித்தி மேசைக்கடியில் என் காலை மிதித்தாள்.

நல்லதாகப் பத்து வசனம் பொறுக்கித் தரச் சொல்லியிருக்கிறார், ஞாயிறன்று போட. எழுதுகிறவளே தேர்வாளர். தலைகால் புரியவில்லை.

மே 27, வெள்ளி

இருநூற்றுச் சொச்சம் படித்து முடித்தேன். நூற்றுச் சொச்சமாவதாக ஒன்று, பேப்பரிலிருந்து ஒழுங்காகக் கத்தரித்தது. பெயர் இல்லை, விலாசம் இல்லை. பலூனுக்குள் நீல மையில்:

“இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூடக் கதவைப் பூட்டினதில்லை. உள்ள வா.”

‘க’வின் வால் இடது பக்கம் வளைந்து, நுனியில் ஒரு சின்னச் சுழி. அந்தச் சுழியைப் பழக எனக்கு ஒரு முழு நோட்டு ஆயிற்று. இந்த உலகத்தில் இரண்டே பேர்தான் அதை அப்படிப் போடுவோம்.

அலுவலகக் குடும்பத்தார் கலந்துகொள்ளக் கூடாது என்று மேடம் சொல்லியிருக்கிறார். எனவே தள்ளுபடி. இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். இது நான் போட்டதல்ல, அசல்.

மே 28, சனி

வேண்டுமென்றே ஆறே முக்காலுக்கு வந்தேன். கதவு திறந்திருந்தது. “மணி என்ன?” என்றது பேப்பர். வழக்கமாக என்னைப் பார்த்திருப்பது கடைசிப் பக்கமாகத்தான் இருக்கும். இன்று மடித்துப் பிடித்திருந்தார். என் பக்கம் தலைப்புச் செய்தி. அவர் பக்கம் துறுதுறு.