வசந்தம் வரும்வரை மூடி வைத்த வேன்

விழுப்புரம்,
விஜயதசமிக்கு மறுநாள், 1990.

அன்பிற்கும் அறிவிற்கும் உரிய மகள் ஜெயக்கொடிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் உடல் நலத்தோடும் ஒருவர்மேல் ஒருவர் கொண்ட சிறு கோபத்தோடும் சௌக்கியமாக இருக்கிறோம். மிச்சிகன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் அவ்வாறே இருப்பீர்கள் என நம்புகிறேன். அஸ்தினாபுரத்து வீட்டிலிருந்து வர வேண்டிய கடிதம் விழுப்புரத்திலிருந்து வருகிறதே என்று பதறாதே, நடந்ததை முறையாகத் தெரிவிக்கிறேன்.

பாம்பனில் சாலைப் பாலம் திறந்துவிட்டார்கள், இனி சொந்த வண்டியிலேயே கடலைக் கடந்து ராமேஸ்வரம் போகலாம் என்று, ஓய்வு பெற்ற கையோடு உன் அப்பா பழைய வேன் ஒன்றை வாங்கிக் கட்டிலும் மடக்கு மேசையும் ஸ்டவ்வுக்கு ஒரு பலகையும் பொருத்தியது நீ அறிந்ததே. பனிக்காலத்தில் ஓட்டாத வண்டியைப் பாதுகாப்பது எவ்வாறு என்று உங்கள் ஊர்ப் பத்திரிகைக் கட்டுரை ஒன்றை நீ வெட்டி அனுப்பினாய். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட உன் தாய், அகராதி ஒன்றையே ஆசிரியராகக் கொண்டு அதைப் பிழையறத் தமிழாக்கி வாசித்துக் காட்டினேன். மொழிபெயர்ப்பில் குறையில்லை, அதைக் கேட்டவர் அதன்படியே நடந்ததுதான் குறை. சக்கரங்களைக் கழற்றி உன் கட்டிலில் படுக்க வைத்தார். வண்டியைச் செங்கல் அடுக்குகளின்மேல் ஏற்றினார். பேட்டரி பூஜை அறைக்குக் குடிபெயர்ந்தது. எலி வராமலிருக்கப் பாச்சா உருண்டை, மேலே தார்ப்பாய். பனி குவிந்து கூரை அமுங்காதிருக்க உள்ளே மூங்கில் முட்டுகூடக் கொடுத்தார், குரோம்பேட்டைக்குப் பக்கத்தில்! அடுத்த வீட்டுச் செல்வமேரி எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, சார் வண்டிக்கு ஸ்வெட்டர் போட்டு வெச்சிக்கீறாரா?" என்றாள். நான் உள்ளே வந்துவிட்டேன்.

வசந்தம் வந்ததும் வண்டியை வெளியே எடுக்கவும் என்று கட்டுரை முடிந்திருந்தது. வசந்த ருது சித்திரையும் வைகாசியும் எனப் பஞ்சாங்கத்தைக் காட்டினேன். "அஸ்தினாபுரத்துச் சித்திரைய வசந்தம்னு எவன் சொன்னான், போய் மொட்டை மாடியில நின்னு பாரு" என்றார். ஆடியில் தூசி என்றார், ஐப்பசி பிறந்தால் மழை என்றார். இதற்கிடையே கண் மருத்துவர், வரும் பொங்கலுக்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது, அதுவரையிலும் பகலில் மட்டுமே என்று திட்டமாகக் கூறிவிட்டார். ஆக, இந்த ஆண்டு போகாவிட்டால் அந்தப் பாலத்தை நான் செய்தித்தாள் படத்தில் மட்டுமே காண வேண்டும். வண்டி மட்டும் புத்தம் புதிதாக இருக்கும்.

ஆயுத பூஜைக்குத் தார்ப்பாயின்மேலேயே சந்தனம் பூசி, எலுமிச்சம்பழங்களைச் செங்கல்லின் ஓரத்தில் வைத்தால் போதும் என்றார். சக்கரம் ஏறி நசுக்காத பழத்தால் கண்ணேறு கழியாது என்று நான் எடுத்துரைத்தேன். எலிக்கும் பனிக்கும் காவல் வைத்தவருக்குக் கண்ணேற்றை மட்டும் காவலின்றி விட மனம் வருமா? மெக்கானிக் ஜலாலை அழைத்தார். பேட்டரியை மாட்டிவிட்டுச் சக்கரங்களைப் பூட்டியபடியே ஜலால், "வண்டிய மடியில வெச்சி வளத்துகினு கீறீங்க சார், கொஞ்சம் ரோட்டுலயும் வுடுங்க" என்றதற்கு, "நீ நட்ட முறுக்கு, போதும்" என்று பதில் கிடைத்தது.

விஜயதசமி காலையில் நாலு பழமும் நசுங்கின. உடனே ரிவர்ஸ் கியரைப் போட அவர் கை நீண்டது. அரிசியும் ஸ்டவ்வும் மாற்றுத் துணியும் முந்தின நாளே உள்ளே ஏறியிருந்தன, முன் இருக்கையில் நானும் ஏறியிருந்தேன். இந்த நன்னாளில் முன்வைத்ததைப் பின்னுக்கு இழுக்கலாகாது என்றேன். "எந்த சாஸ்திரத்துல போட்டிருக்கு?" என்றார். "வாசிச்சவ நானா, நீங்களா?" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே தெருமுனைவரை என்றார். தெருமுனையில் திருப்ப இடமில்லாமல் ஜி.எஸ்.டி. சாலைவரை என்றார். தாம்பரம் தாண்டியபின் நாலாவது கியரைப் போட்டார்.

மறைமலை நகரில் தேநீருக்கு நிறுத்தினோம். இறங்கி ஒவ்வொரு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தார். பிறகு தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமலே, "தனம், ராமேஸ்வரத்துல வண்டி நிறுத்த நெழல் இருக்குமாடி?" என்றார். ராமேஸ்வரம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதற்குமேல் ஏதும் அறியாத நான், நேரில் கண்டவள்போல் நிறைய இருக்கிறது என்றேன்.

இப்போது மடக்கு மேசையில் இதை எழுதுகிறேன். அவர் வெளியே வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். நீயும் மாப்பிள்ளையும் எல்லா நலமும் பெற்று, நல்ல மக்கட்பேற்றோடு நீடூழி வாழ ஆசீர்வதிக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு. ஒன்றை மட்டும் நினைவில் வை. கடற்காற்று இரும்பை அரிக்கும் என்பது உன் அப்பாவுக்கு இன்னும் தோன்றவில்லை. உன் கடிதம் எங்களுக்கு முன் பாலத்தை அடைய வழியில்லை என்றாலும், எதற்கும் அதைப் பற்றி எழுதாதே.

என்றும் உன் நலம் நாடும் அன்னை,
தனம் துளசிங்கம்