ஆடலாம் என்று சொன்னது நான்தான்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சளி காய்ச்சல் எதுவும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கே அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலாம், மாடிப்படி மட்டும் ஏறுவதில்லை. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள், அவளுக்குத் தெரியாத ஒன்றை உன்னிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீ இருந்தபோது நம் ஸ்டேடியத்தில் கிரிக்கெட் மட்டும்தான். இப்போது ஒரு வாரம் கார் கண்காட்சி, மறுவாரம் பட்டமளிப்பு, போன மாதம் குத்துச்சண்டை, நடுவில் கிரிக்கெட் விருந்தாளி மாதிரி வந்து போகிறது, பிட்ச்சைப் பார்த்துக்கொள்கிற நான் எல்லோருக்கும் குறுக்கே நிற்கிற ஆளாகிவிட்டேன். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு பெரிய பாட்டுக் கச்சேரி. மேடை வடக்கு ஓரத்தில்தான், வண்டியெல்லாம் சுற்றுப்பாதையில்தான் வரும் என்று மேனேஜர் என்னிடம் சொல்லியிருந்தார். முதல் நாள் நல்ல மழை, சுற்றுப்பாதையில் தண்ணீர் நின்றுவிட்டது, கிரேனை நடுமைதானத்தில் விட்டுவிட்டார்கள். ஓடிப்போய் முன்னால் நின்றேன். பெருசு, ஓரமாப் போங்க, அடிபட்டுடப் போகுது என்று ஒருவன் என் தோளைப் பிடித்து நகர்த்தினான். நான் விரித்து வைத்திருந்த தார்ப்பாயோடு சேர்த்து பிட்ச் மேல் கிரேன் ஏறி இறங்கியது. பாயை விலக்கிப் பார்த்தால் இரண்டு சக்கரத் தடம், கையை வைத்தால் மணிக்கட்டு வரைக்கும் இறங்கியது.

அதன் பிறகு வீட்டில் நிம்மதியாக ஒரு வேளைகூடச் சாப்பிடவில்லை. களிமண் நிரப்பி, தண்ணீர் தெளித்து, ரோலர் உருட்டி மேலே சமமாக்கிவிட்டேன், பார்ப்பதற்குப் பளிங்கு மாதிரி இருந்தது. உள்ளே மண் இறுகிப் பிடிக்கவில்லை. கட்டைவிரலால் அழுத்தியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, இதைத்தான் நீ நன்றாகப் படிக்க வேண்டும், எனக்குத் தெரிந்திருந்தது. புதன்கிழமை பயிற்சி ஆட்டம். நம் அணியின் இடக்கை ஆட்டக்காரன், என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான், குனிந்து பிட்ச்சைத் தட்டிப் பார்த்துவிட்டு, என்ன மாமா, நம்பிக் காலை முன்னால வைக்கலாமா என்று கேட்டான். மேனேஜர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம், குடியிருக்கும் வீடும் ஸ்டேடியத்தின் வீடு, எல்லாம் ஒரு நொடியில் மனசில் ஓடியது. ஆடலாம் தம்பி என்றேன். நாலாவது ஓவரில் பந்து அந்தத் தடத்தில் குத்தி எகிறி அவன் ஹெல்மெட் கம்பிக்குள் புகுந்தது. கன்ன எலும்பு நொறுங்கிவிட்டது. வலது கண்ணில் பார்வை திரும்புமா என்று டாக்டருக்கே தெரியவில்லையாம்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் ஒரு தாளை நீட்டினார், ஞாயிற்றுக்கிழமைப் பெரிய ஆட்டத்துக்கு பிட்ச் தயார் என்று அதில் எழுதியிருந்தது. பந்துன்னா எழும்பத்தான் செய்யும் பெரியவரே, ஒரு கையெழுத்துதானே என்றார். நான் தகுதி இல்லை என்று எழுதி ஆட்ட நடுவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். ஆட்டம் வேறு ஊருக்குப் போய்விட்டது. எனக்கு வேலை போய்விட்டது, மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வாசலில் கடை போடுகிறவர்கள் ஆட்டத்தை நம்பிச் சரக்கு வாங்கி வைத்திருந்தார்கள், என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். உன் அம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டே, அவர் மொதல்லேருந்தே வேணாம்னுதான் சொன்னாரு, யாரு கேட்டா என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்கிறாள். அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து கொல்லைப்புறம் போய்விடுகிறேன்.

நேற்று அந்தப் பையனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணைக் கட்டிப் படுக்க வைத்திருக்கிறார்கள், தூங்கிக்கொண்டிருந்தான். அவன் அம்மா எழுந்து தன் ஸ்டூலை எனக்குக் கொடுத்தாள், மாமா சொன்னா கண்ண மூடிக்கிட்டு நம்புவேன்னு எப்பவும் சொல்லுவான் இவன் என்றாள்.  பெண்ணே, நான் ஐந்து நிமிஷம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்துவிட்டேன். தெரிந்தேதான் ஆடலாம் என்றேன் என்று அவளிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது, தனியாகப் போய்ச் சொல்லவும் தைரியம் இல்லை. உன்னிடம் இதுவரை நான் எதுவும் கேட்டதில்லை. லீவு கிடைக்காவிட்டாலும் எப்படியாவது கிளம்பி வா. நீ வந்ததும் முதலில் உன் அம்மாவிடம் சொல்கிறேன், பிறகு அங்கே போகலாம். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் என் கூட வந்தால் போதும், உள்ளே நான் போய்க்கொள்கிறேன்.

பேத்திக்கு என் முத்தம். மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். கடிதம் வந்தது என்று அம்மாவிடம் போனில் உளறிவிடாதே, ஞாபகம் இருக்கட்டும்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அப்பா